பெர்ரியின் இரண்டு முகங்கள்: ஜப்பானிய மொழி அறியாதவர் படங்கள் வழியே வரலாறு பயில ஓர் இணையதளம்

அமெரிக்கக் கடற்படைத் தளபதி மாத்யூ பெர்ரிக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, 1850களில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட புகைப்படத்தில் இருக்கிறது: கனத்த கன்னமும் இறுகிய வாயுமாகச் சீருடையில் நிமிர்ந்திருக்கும் முதிய அதிகாரி. மற்றொன்று, அவர் ஜப்பானுக்கு வந்துபோன நாட்களில் அங்கே அச்சாகித் தெருவில் விற்ற ஒற்றைத்தாள் படங்களில் இருக்கிறது: நீண்டு வளைந்த மூக்கு, அடர்ந்த புருவம், முரட்டுத் தாடி, நீல நிறம் தீட்டிய கண்கள். கூர்ந்து பார்த்தால் சில படங்களில் நீலம் இருப்பது கருவிழியில் அல்ல, கண்ணின் வெள்ளைப் பகுதியில். மேலைநாட்டாருக்கு நீலக் கண் என்று கேள்விப்பட்டவர்கள், அந்த நீலம் கண்ணில் எந்த இடத்தில் இருக்கும் என்பதை அறியாமல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஒரு நாடு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக வெளியுலகோடு எவ்வளவு அளந்து பழகியது என்பதைப் பல பக்கங்களில் படித்திருக்கிறேன். இந்த நீலக் கண் அளவுக்கு எதுவும் அதை எனக்கு உணர்த்தியதில்லை.

இந்த இரண்டு முகங்களையும் அருகருகே வைத்துக் காட்டும் தளத்தின் பெயர் விஷுவலைசிங் கல்ச்சர்ஸ். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வரலாற்றாசிரியர் ஜான் டவர், மொழியியலாளர் ஷிகெரு மியாகாவா ஆகிய இருவரும் 2002இல் தொடங்கியது. டவர் 2000ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றவர். போர்க்காலத்தையும் போருக்குப் பிந்தைய ஜப்பானையும் ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டவர். அக்கழகம் தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட ஓப்பன்கோர்ஸ்வேர் திட்டத்தின் பகுதியாக இத்தளம் வளர்ந்தது. கட்டணம் எதுவும் இல்லை. வணிக நோக்கமின்றிப் பயன்படுத்துவோர் உரிய பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தின் கீழ், உள்ளடக்கத்தை எடுத்தாளலாம். ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாமல் அந்நாட்டின் நவீன வரலாற்றைப் பயிலத் தொடங்கிய நான், இரண்டு ஆண்டுகளாக இத்தளத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து இதன் வலிமையையும் எல்லையையும் என்னைப் போன்ற வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மொழி தெரியாமல் ஒரு நாட்டின் வரலாற்றைப் படிப்பவருக்கு வழக்கமாகக் கிடைப்பது பிறர் எழுதி முடித்த முடிவுகள்தாம். மூல ஆவணத்தை அவர் தொட முடியாது. அரசாணையோ நாளிதழோ நாட்குறிப்போ மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்துத் தந்தால்தான் உண்டு. படம் மட்டும் இதற்கு ஓரளவு விலக்கு. 1894இல் டோக்கியோ கடைத்தெருவில் தொங்கிய அச்சோவியத்தை அன்றைய வாங்குநர் பார்த்த அதே வடிவில் நாமும் பார்க்கிறோம். யாருடைய முகம் அழகாக வரையப்பட்டிருக்கிறது, யார் ஓடுகிறார், யார் நிற்கிறார், எங்கே வெளிச்சம் விழுகிறது என்பதையெல்லாம் நாமே கவனித்து, நாமே கேள்வி எழுப்பலாம். இத்தளத்தை உருவாக்கியவர்கள் படத்தைக் கட்டுரைக்கு அலங்காரமாக வைக்கவில்லை. படத்தையே சான்றாக வைத்து அதைச் சுற்றிக் கட்டுரையை எழுதியிருக்கிறார்கள். தலைப்பு வாரியாகப் பிரித்த அலகுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு நீண்ட கட்டுரை, சொற்களைக் குறைத்துப் படங்களை வரிசைப்படுத்திய காட்சிக் கதை, பெரிதாக்கிப் பார்க்கத்தக்க படத்தொகுப்பு ஆகியவை உண்டு. சிலவற்றில் ஆசிரியர்களுக்கான வகுப்பறைப் பாடங்களும் உண்டு. படத்தொகுப்பில் தொடங்கிக் கட்டுரையில் முடிப்பதே நல்லது என்பது என் அனுபவம். கட்டுரையை முதலில் படித்தால், அதில் சொன்னதை மட்டுமே படத்தில் தேடும் பழக்கம் வந்துவிடுகிறது.

முதல் அலகு பெர்ரியின் வருகையைப் பற்றியது. 1853 ஜூலை 8ஆம் நாள் இரண்டு நீராவிக் கப்பல்களும் இரண்டு பாய்மரக் கப்பல்களும் எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவின் வாயிலில் உள்ள உராகாவுக்கு வந்து நின்றன. அமெரிக்க அதிபரின் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போன பெர்ரி, மறு ஆண்டு பெரிய அணியோடு திரும்பி வந்து மார்ச் 31 அன்று கனகாவா உடன்படிக்கையில் கையொப்பம் பெற்றார். இவை எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். இத்தளம் தருவது, அந்த ஒரே நிகழ்வை இரு தரப்பும் எப்படிப் பார்த்தன என்பதை. பெர்ரி தம்மோடு வில்லியம் ஹைன் என்ற ஓவியரையும், டாகுவேரோடைப் என்ற தொடக்ககாலப் புகைப்பட முறையில் படமெடுக்கும் எலிஃபலெட் பிரவுனையும் அழைத்து வந்திருந்தார். ஹைனின் படங்களில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்: அமைதியான கடல், அணிவகுத்து நிற்கும் வீரர்கள், அகன்ற வானம். ஜப்பானியத் தரப்பில் ஏறத்தாழ 1854இல் அச்சான ஒரு படத்தில் அதே நீராவிக் கப்பல் கன்னங்கரிய உருவமாகப் புகை கக்குகிறது. அதன் முகப்பில் ஓர் அரக்க முகம் இளிக்கிறது. பின்புறச் சாளரங்கள் இரண்டு கண்களைப் போல உற்றுப் பார்க்கின்றன. அச்சம் என்ற சொல்லை யாரும் எழுதத் தேவையில்லை.

அதே ஜப்பானியர் அச்சத்தோடு நின்றுவிடவில்லை என்பதையும் இந்த அலகு காட்டுகிறது. அமெரிக்கர்கள் பரிசாகக் கொண்டுவந்த சிறிய நீராவி ரயிலையும் தந்திக் கருவியையும், கப்பலின் பீரங்கிகளையும் சீருடைகளையும், மாலுமிகள் முகத்தில் கரி பூசி ஆடிய கேளிக்கை நிகழ்ச்சியையும் ஜப்பானிய ஓவியர்கள் அளவற்ற ஆர்வத்தோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்கர்கள் ரயிலைக் காட்டினார்கள் என்றால் ஜப்பானியர் தங்கள் சுமோ மல்லர்களை அழைத்து வந்து, நெல்லரிசி மூட்டைகளைச் சர்வ சாதாரணமாகத் தூக்கவைத்துக் காட்டினார்கள். ஒரு தரப்பின் எந்திரமும் மறு தரப்பின் உடல்வலிமையும் ஒரே கடற்கரையில் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்த நாட்களை இரு பக்கத்து ஓவியங்களும் பதிந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைகூடக் கிடைக்காது.

1859இல் திறக்கப்பட்ட யோகோஹாமா துறைமுகத்தைப் பற்றிய அலகு வண்ணமயமானது. பார்க்க மிக இனியது. சதாஹிதே 1861இல் ஐந்து தாள்களை ஒட்டி அமைத்த பெரிய படத்தில் ஒரு கப்பலில் சரக்கு ஏற்றும் காட்சி இருக்கிறது. பலகை வழியே மூட்டையோடு நடப்பவர்கள், மேலே கயிறுகளில் தொங்கும் மாலுமிகள் என்று ஒரு நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இவ்வகைப் படங்களை வரைந்தவர்கள் பலர் வெளிநாட்டாரை நேரில் கண்டு வரைந்ததைவிட, மேலைநாட்டுப் படச் செய்தித்தாள்களில் வந்த உருவங்களைப் பார்த்து நகலெடுத்ததே அதிகம். இதைத் தெரிந்துகொள்ளாமல் இவற்றை நேரடிச் சாட்சியமாக எடுத்துக்கொள்பவர் ஏமாந்துபோவார். தளம் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

இத்தளத்தின் இதயம் என்று நான் கருதுவது த்ரோயிங் ஆஃப் ஏஷியா என்ற மூன்று பகுதி அலகு. ஆசியாவை உதறித் தள்ளுதல் என்று அதைச் சொல்லலாம். 1885இல் ஜிஜி ஷின்போ நாளிதழில் வெளியான, சிந்தனையாளர் ஃபுகுசாவா யுகிச்சி எழுதியதாகக் கருதப்படும் புகழ்பெற்ற தலையங்கத்தின் தலைப்பிலிருந்து வந்த தொடர் அது. மேலைமயமாதல், 1894-95இல் சீனாவோடு நடந்த போர், 1904-05இல் ரஷ்யாவோடு நடந்த போர் என்று மூன்று பகுதிகள். சீனப் போர் நடந்த சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 3,000 போர்ப் படங்கள் அச்சாயின என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் மூன்று தாள்களைச் சேர்த்து ஒட்டிய அகலமான மரக்கட்டை அச்சோவியங்கள். வரைந்தவர்களில் மிகப் பலர் போர்முனையைப் பார்க்கவே இல்லை. நாளிதழில் தந்திச் செய்தி வந்ததும் டோக்கியோவில் உட்கார்ந்து வரைந்தார்கள்.

கோபயாஷி கியோசிகா என்ற ஓவியரின் படங்களை முதன்முறை பார்த்தபோது என்னை ஈர்த்தது அழகுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பனிப்பொழிவு, நிலவொளி, வெடிக்கும் குண்டின் செம்மஞ்சள் வெளிச்சம், இரவைக் கிழிக்கும் தேடுவிளக்கு என்று ஒளியை ஆளத் தெரிந்த கை அது. நான்காவது ஐந்தாவது படத்தில்தான் வேறொன்று உறுத்தத் தொடங்கியது. ஜப்பானிய வீரர்கள் கரிய ஐரோப்பியச் சீருடையில் உயரமாக, ஒரே உடம்பாக நிற்கிறார்கள். அவர்களுடைய மூக்கும் மீசையும்கூட ஐரோப்பியருடையவை. சீன வீரர்கள் பல வண்ண ஆடைகளில், பின்னல் பறக்க, கோணிய முகங்களோடு சிதறி ஓடுகிறார்கள். அண்டை நாட்டவரான இரு தரப்பாரும் படத்தில் வெவ்வேறு இனத்தவர் போலத் தெரிகிறார்கள். பல நூற்றாண்டுகளாக எழுத்தையும் அறத்தையும் கலையையும் எந்த நாட்டிடமிருந்து கற்றார்களோ, அந்த நாட்டு மனிதனை இப்படி வரைய எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எண்ணிப் பார்த்தேன். பெர்ரி வந்து 41 ஆண்டுகள்தாம். இந்தக் கணக்கை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை. படங்களை அடுத்தடுத்துப் பார்த்ததில் தானாகக் கிடைத்தது.

தமிழ் வாசகருக்கு இவ்விடத்தில் ஒரு சிறப்பு அக்கறை உண்டு. 1905இல் ஜப்பான் ரஷ்யாவை வென்றது இந்தியாவெங்கும் எழுப்பிய உற்சாகத்தை நாம் அறிவோம்; பாரதி 1904 நவம்பரில் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது அந்தப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆசிய நாடொன்று ஐரோப்பியப் பேரரசை வீழ்த்தியது என்ற அந்தப் பெருமிதத்தின் வழியாகவே அக்கால ஜப்பானை அறிந்திருக்கிற நமக்கு, பத்தாண்டுகளுக்கு முன் அதே நாட்டு அச்சகங்கள் மற்றோர் ஆசிய மக்களை எப்படிச் சித்திரித்தன என்பதைப் பார்ப்பது கடினமானது, ஆனால் தேவையானது.

எக்காளம் ஊதியவரின் கதையையும் இவ்வலகில் கண்டேன். 1894 ஜூலை இறுதியில் கொரியாவின் சோங்வான் போரில் குண்டடிபட்ட பின்னும் உயிர் பிரியும்வரை எக்காளத்தை வாயிலிருந்து எடுக்காத வீரராக ஷிராகாமி கென்ஜிரோ என்பவர் கொண்டாடப்பட்டார். படங்களும் பாடல்களும் வந்தன. பின்னர் அவ்வீரர் ஷிராகாமி அல்லர், கிகுச்சி கோஹே என்று திருத்தப்பட்டது. படம் மட்டும் திருத்தப்படவில்லை; அது முன்பே அச்சாகி, விற்று, வீட்டுச் சுவர்களில் ஏறிவிட்டது. போர் எப்படி நடந்தது என்பதற்கு இப்படம் நல்ல சான்று அன்று. போரைப் பற்றி மக்கள் எதை நம்ப விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இத்தளத்தின் வரலாற்றில் நேர்ந்த ஒரு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். 2006 ஏப்ரலில் மாசசூசெட்ஸ் கழகத்தின் இணையதள முகப்புப் பக்கத்தில் இத்திட்டம் முன்னிறுத்தப்பட்டது. அதையொட்டி, ஜப்பானிய வீரர்கள் சீனக் கைதிகளின் தலையை வெட்டும் காட்சியை உதாகாவா கொகுனிமாசா 1894 அக்டோபரில் வரைந்த படம் பலர் பார்வைக்கு வந்தது. அங்கே பயின்ற சீன மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தப் படத்தைச் சுற்றியிருந்த டவரின் கட்டுரை அந்த இனவெறியைக் கண்டித்தே எழுதப்பட்டிருந்தது. ஆனால் கட்டுரைக்குள் வராமல் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தங்கள் முன்னோரின் இழிவைக் காட்சிக்கு வைத்ததாகவே பட்டது. தளம் தற்காலிகமாக எடுக்கப்பட்டு, விளக்கங்களும் எச்சரிக்கைக் குறிப்புகளும் சேர்க்கப்பட்ட பின் திரும்ப வந்தது.

மாணவர்கள் வரலாற்றை மறைக்கச் சொன்னார்கள் என்று இதை எளிமைப்படுத்துவது தவறு என்பது என் கருத்து. ஆசிரியர்கள் பொறுப்பின்றி நடந்தார்கள் என்பதும் சரியன்று. படம் எழுத்தைவிட வேகமாகப் பயணம் செய்யும். தன்னோடு வந்த விளக்கத்தை வழியிலேயே விட்டுவிட்டு வரும். இன்று ஒரு படத்தை வெட்டி எடுத்துக் கைப்பேசியில் அனுப்ப நொடிகூட ஆகாது என்னும்போது, 2006இல் நேர்ந்தது ஒரு கல்விக்கழகத்தின் பழைய சங்கடம் மட்டும் அன்று. அதற்குப் பின் நான் எந்த அச்சோவியத்தையும் அதன் ஆண்டு, ஓவியர், எந்தத் தொகுப்பில் உள்ளது என்ற குறிப்புகளோடு சேர்த்தே சேமித்து வைக்கிறேன். குறிப்பில்லாமல் பிறருக்கு அனுப்புவதில்லை.

கொகுனிமாசாவின் அந்தப் படத்தின் மேற்பகுதியில் நீண்ட எழுத்துப் பகுதி ஒன்றும் உண்டு. இங்கேதான் மொழி அறியாதவரின் எல்லை தொடங்குகிறது. ஜப்பானிய அச்சோவியத்தில் படமும் எழுத்தும் பிரிந்தவை அல்ல. தலைப்புப் பெட்டி, ஓவியரின் கையொப்பம், பதிப்பாளர் பெயர், நாள், சில வேளைகளில் ஒரு முழுச் செய்தி அறிக்கையே படத்துக்குள் இருக்கும். இத்தளத்தில் தலைப்புகள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுள்ளன. ஆனால் பல படங்களில் உள்ளிருக்கும் நீண்ட எழுத்துகள் முழுமையாகப் பெயர்க்கப்படவில்லை. கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைக் கொண்டு சிலவற்றைப் படிக்க முயன்றேன். இன்றைய அச்செழுத்தை அது ஓரளவு படிக்கிறது. அக்காலத்து ஓட்டெழுத்தைப் பார்த்ததும் தொடர்பே இல்லாத சொற்களைக் கொட்டியது. ஆகவே படத்தைப் பார்த்து நானே முடிவுக்கு வருகிறேன் என்ற நம்பிக்கையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. கண்ணால் கண்டது நம்முடையது. அதிலுள்ள எழுத்தைப் படித்துச் சொன்னவர் வேறொருவர்.

ஹார்வர்டு பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ கார்டன் உருவாக்கிய ஹிபியா கலவரம் பற்றிய அலகை நான் எல்லோருக்கும் முதலில் பரிந்துரைப்பேன். ரஷ்யாவை வென்றும் போர் இழப்பீடு கிடைக்கவில்லை, சகலின் தீவிலும் தென்பாதி மட்டுமே கிடைத்தது என்ற செய்தி வந்ததும், 1905 செப்டம்பர் 5 அன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் கூட்டம் கூட மக்கள் திரண்டார்கள். போலீஸ் தடை விதித்தது. தடுப்புகள் உடைந்தன. மூன்று நாள் கலவரத்தில் 17 பேர் இறந்தார்கள். நகரின் காவல் சாவடிகளில் ஏறத்தாழ 70 சதவீதம் அழிந்தது. ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அது நடந்து இரண்டு வாரத்துக்குள், செப்டம்பர் 18ஆம் நாளிட்டு, ஒரு போர்க்காலப் பட இதழ் கலவரத்துக்கென்றே தனிச் சிறப்பிதழ் வெளியிட்டது. அந்த இதழின் ஆசிரியர் எழுத்தாளர் குனிகிதா தொப்போ. அந்தச் சிறப்பிதழே இவ்வலகின் மூலம்.

சிறப்பிதழின் புகைப்படங்களையும் வரைபடங்களையும் தனித்தனியே பார்த்தபோது ஒன்று தெளிவானது. புகைப்படங்களில் கலவரம் இல்லை. எரிந்து கருகிய சாவடி, சிதைந்த டிராம், வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்று நடந்து முடிந்தவைதாம் இருக்கின்றன. இரவின் இருட்டிலும் ஓடும் மனிதரையும் பிடிக்க அக்காலக் கேமராவால் முடியாது. தீயும் வாளும் கல்வீச்சும் வரைந்த படங்களில்தான் வருகின்றன. ஆகவே கலவரத்தின் உச்ச நொடிகளை நாம் அறிவது முழுக்கவும் ஓவியரின் கற்பனையும் நினைவும் கலந்த கை வழியாகவே. கேமரா உண்மை பேசும், ஓவியம் பொய் சொல்லும் என்ற நம் இயல்பான எண்ணத்தை இந்த ஒரே இதழ் ஆட்டி வைக்கிறது. கூட்டத்தில் யார் தொப்பி அணிந்திருக்கிறார், யார் கூலிக்காரரின் மேலங்கி அணிந்திருக்கிறார், பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினால், போருக்கு வரி கொடுத்தும் பிள்ளைகளைக் கொடுத்தும், வாக்குரிமை இல்லாமல் இருந்த நகர மக்கள் யார் என்ற கேள்விக்கு நாமே வந்து சேர்கிறோம்.

ஷிசெய்டோ நிறுவனத்தின் விளம்பரங்களைப் பற்றி ஜெனிஃபர் வைசன்ஃபெல்ட் எழுதிய அலகு வேறு சுவை. 1872இல் டோக்கியோவின் கின்சாவில் மேலைநாட்டு முறை மருந்துக் கடையாகத் தொடங்கிய நிறுவனம் அழகுசாதன நிறுவனமாக மாறியதும், நிறுவனரின் மகனும் புகைப்படக் கலைஞருமான ஃபுகுஹாரா ஷின்சோ 1916இல் தனி வடிவமைப்புத் துறையை ஏற்படுத்தியதும், நாகரிகப் பெண் எப்படி இருப்பாள் என்பதை அந்தத் துறை வரைந்து காட்டியதும் ஒரு பொருளாதார வரலாறாகவும் பெண்களின் வரலாறாகவும் விரிகின்றன. 1930களின் இறுதியில் போர் நெருக்க நெருக்க அந்த மெல்லிய கோடுகளும் மலர்களும் சிக்கனத்துக்கும் நாட்டுப்பற்றுக்கும் வழிவிடுவதைப் பார்க்கும்போது, ஓர் அரசு மக்களின் ஒப்பனை மேசைவரை எட்டியதை உணர முடிகிறது. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் எழுந்த டோக்கியோவை 1928 முதல் 1940வரை கொய்சுமி கிஷியோ நூறு அச்சோவியங்களில் பதிந்த அலகை இதனோடு சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு 1960இல் எழுந்த எதிர்ப்பை ஹமாயா ஹிரோஷி எடுத்த புகைப்படங்களுக்கும் ஓர் அலகு உண்டு; முகங்களுக்காகவே அதைப் பார்க்கலாம்.

ஹிரோஷிமா அலகைப் பற்றி அளந்து எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. 1945 ஆகஸ்ட் 6 அன்று அந்நகருக்குள் இருந்த மாட்சுஷிகே யோஷிதோ என்ற செய்திப் புகைப்படக்காரரால் கொண்டுவர முடிந்தவை ஐந்தே படங்கள். எதிரே இருந்தவர்களின் நிலையைப் பார்த்து அவர் விரல் விசையை அழுத்த மறுத்தது. பின்னர் அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு அரசின் தணிக்கை இருந்தது. 1952 ஆகஸ்டில் ஒரு பட வார இதழ் வெளியிட்ட பின்னரே ஜப்பானிய மக்களில் பெரும்பாலோர் அந்தப் பேரழிவின் படங்களைப் பரவலாகக் கண்டார்கள். 1974இல், உயிர் தப்பிய 77 வயது முதியவர் ஒருவர் தாம் வரைந்த ஒரு படத்தை ஹிரோஷிமா ஒலிபரப்பு நிலையத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நிலையம் மற்றவர்களையும் வரைந்து அனுப்பக் கேட்டது. பின்னர் 2,000க்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. வரைந்தவர்கள் ஓவியர்கள் அல்லர். கிரேயானிலும் பென்சிலிலும் வரைந்த அப்படங்களில் ஓரத்திலும் இடைவெளியிலும் எழுத்து நெருக்கி எழுதப்பட்டிருக்கும்: இவர் எங்கே கிடந்தார், என்ன கேட்டார், நான் என்ன செய்யவில்லை. இத்தளத்தில் படத்தோடு அந்தச் சொற்களின் மொழிபெயர்ப்பும் தரப்பட்டிருப்பதால்தான் மொழி அறியாதவரும் அவற்றின் அருகே நிற்க முடிகிறது. படம் போதும், எழுத்து வேண்டாம் என்று எண்ணி இங்கே வருபவர் இந்த அலகில் அந்த எண்ணத்தைக் கைவிடுவார்.

குறைகளுக்கு வருகிறேன். இத்தளத்தின் படங்கள் பெரும்பாலும் அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் தனியார் தொகுப்புகளிலும் இருந்து வந்தவை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குச் சென்ற போர் அச்சோவியங்கள், அஞ்சலட்டைத் தொகுப்பு, மயாமியின் வுல்ஃப்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ள கொய்சுமியின் படங்கள் ஆகியவை எடுத்துக்காட்டுகள். சேகரித்தவர் எதை விரும்பினாரோ அதுவே நமக்கு வரலாறாகக் கிடைக்கிறது. ஆகையால் போரும் நகரமும் துறைமுகமும் நிறைந்திருக்க, உழவரும் ஆலைப் பெண்களும் அருகியே தோன்றுகிறார்கள். அதைவிடப் பெரிய குறை, ஜப்பானியப் பேரரசின் கீழ் வாழ்ந்த கொரியரும் தைவானியரும் தாங்களே உருவாக்கிய படங்கள் மிகக் குறைவாக இருப்பது. ஆள்பவரின் கண்ணையும் மேலைநாட்டாரின் கண்ணையும் ஒப்பிட இத்தளம் அருமையாகக் கற்றுத்தருகிறது; ஆளப்பட்டவரின் கண்ணுக்கு வேறிடம் தேட வேண்டும்.

மொழி மற்றொரு தடை. கட்டுரைகள் ஆங்கிலத்தில், பல்கலைக்கழக மாணவருக்கென்று எழுதப்பட்டவை. டவரின் நடை தெளிவானது. மற்ற சிலருடையது கலைவரலாற்றுக் கலைச்சொற்கள் மிகுந்தது. பள்ளி மாணவர்களிடம் தளத்தை அப்படியே கொடுப்பதைவிட, ஆசிரியர் இணையான இரண்டு படங்களைத் தேர்ந்து, தமிழில் கேள்விகளோடு கொண்டுசெல்வதே நடைமுறைக்கு ஏற்றது. உரிமம் அதற்கு இடம் தருகிறது. விரிவுரைகளோடு கற்க விரும்புவோருக்கு, ஹார்வர்டும் மாசசூசெட்ஸ் கழகமும் சேர்ந்து 2014இல் இதே பொருளைக் கொண்டு எட்எக்ஸ் தளத்தில் ஓர் இணையப் பாடத்தையும் நடத்தின. டவர், கார்டன், வைசன்ஃபெல்ட், மியாகாவா நால்வரும் அதில் கற்பித்தார்கள். ஓர் அச்சோவியம் கையில் இருந்து அது என்னவென்று தெரியாதபோது, படத்தையே கொடுத்துத் தேடும் வசதியுள்ள உகியோ-எ (ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியம்) தேடல் தளம் துணைக்கு வரும். பல அருங்காட்சியகங்களின் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சோவியங்கள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. ஒரு சொல்லும் தட்டச்சு செய்யத் தேவையில்லை.

இவற்றோடு, நாள் குறிக்கும் முறையை மட்டுமாவது கற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஜப்பானிய ஆண்டு பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரோடு வரும். மெய்ஜி ஆண்டோடு 1867ஐக் கூட்ட வேண்டும். தாய்ஷோ என்றால் 1911. ஷோவா என்றால் 1925. மூன்று ஆட்சிப் பெயர்களுக்கும் ஆறு எழுத்துகள், எண்களுக்குப் பத்து எழுத்துகள். ஒரு வாரத்தில் கைவந்துவிடும். மெய்ஜி கால அச்சோவியங்களில் பெரும்பாலும் ஓரத்தில் நாளும் பதிப்பாளர் பெயரும் சிறிய எழுத்தில் இருக்கும். சென்ற மாதம் ஒரு போர்ப் படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெய்ஜி என்ற இரண்டு எழுத்துகள் தெரிந்தன. அடுத்து இருந்தது நான் மனப்பாடம் செய்த பட்டியலில் இல்லை. பத்தைக் குறிக்கும் இரண்டு சிலுவைகள் ஒட்டி நிற்பது போன்ற வடிவம். இரண்டு பத்து, இருபது என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதன் கீழே ஏழு. இருபத்தேழோடு 1867ஐக் கூட்டி, தளத்தின் குறிப்பைத் திறந்து பார்த்தேன்: 1894.